கதவைத் தட்டுகிறவர்கள்

எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும் என்பவர்கள் அமெரிக்காவிலுள்ள மக்டவலை உதாரணம் காட்டுவார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பீட்டர்பரோ என்ற ஊரில், எட்வர்ட் மக்டவல் என்ற சங்கீதக்காரரும் அவர் மனைவி மேரியனும் 1907-ல் ஏற்படுத்திய இடம் அது. காட்டுக்குள்ளே தனித்தனிக் குடில்கள். பகல் சாப்பாட்டைக் கூடையில் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். தார்ன்டன் வைல்டர் ‘அவர் டவுன்’ நாடகத்தில் ஒரு பகுதியை அங்கேதான் எழுதினார். அந்தக் கூடையை நினைத்து நான் பல நாள் பொறாமைப்பட்டதுண்டு.

எனக்கும் ஒரு தடவை அந்த வசதி கிடைத்தது. நண்பர் ஒருவர் கோடைக்கானலில் பூட்டிக் கிடந்த தம் வீட்டை ஒரு மாதத்துக்குக் கொடுத்தார். சமைத்துப் போட ஆள் உண்டு. முப்பது நாளில் பதினோரு பக்கம் எழுதினேன். ஊர் திரும்பியதும் கிழித்துப் போட்டேன். என் நாவல்கள் எல்லாம் வீட்டுக் கூடத்தில், குழந்தைகள் சண்டைக்கு நடுவில் எழுதப்பட்டவை. அன்று முதல் தனிமையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்து வருகிறது.

இதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று டெக்ஸாஸில், ஹூஸ்டன் நகரத்தில் உண்டு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தேர்ட் வார்டில் இடிபட இருந்த 22 சிறு வீடுகளை, 1993-ல் ரிக் லோவும் வேறு ஆறு கலைஞர்களும் காப்பாற்றினார்கள். ‘பிராஜெக்ட் ரோ ஹவுஸஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அறைக்குப் பின் அறையாக நேர்கோட்டில் அமைந்த வீடுகள் அவை; நம் அக்கிரகாரத்து வீடுகளைப்போல, வாசலில் நின்றால் கொல்லை தெரியும். சில வீடுகள் கலைஞர்கள் வந்து வேலை செய்வதற்கு. சில வீடுகள், கைக்குழந்தையோடு படிப்பை முடிக்கப் பாடுபடும் இளம் தாய்மார்களுக்கு.

லோ சமூகப் பிரச்னைகளைப் படமாக எழுதி வந்தவர். அவர் பட்டறைக்கு வந்த பள்ளி மாணவன் ஒருவன், எங்கள் கஷ்டம் எங்களுக்கே தெரியும், நீங்கள் கலைஞரென்றால் ஒரு வழி கண்டுபிடிக்கலாமே என்ற அர்த்தத்தில் கேட்டானாம். அந்தக் கேள்விதான் லோவை வீதிக்கு இழுத்தது.

இதை வைத்துக்கொண்டு, கலை என்றால் சேவை என்று பிரசங்கம் செய்கிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. வீடு கொடுப்பது நல்ல காரியம். நல்ல காரியமெல்லாம் கலையாகிவிடாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1949-ல் ஹூஸ்டனுக்கு வந்து அதே பகுதிக் கல்லூரியில் ஓவியத் துறையை ஆரம்பித்த ஜான் பிக்கர்ஸ், இப்படிப்பட்ட வீடுகளைத் தம் படங்களில் போற்றி வரைந்தவர். மற்றவர்கள் குப்பை என்று நினைத்த வரிசையில் அவர் அழகைக் கண்டார். அந்தக் கண்தான் லோவுக்கும் வழி காட்டியது. பார்வை முதலில், சேவை அதன் பின்னால். இந்த வரிசை மாறியிருந்தால் அந்த இடம் இன்னொரு தர்மசத்திரமாக முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எந்த இடம் சிறந்தது? எழுத வேண்டியது இன்னதென்று தெரிந்தவனுக்கு மக்டவல் போதும். தெரியாமல் தேடுகிறவனுக்கு, ‘இது என்ன, எதற்கு?’ என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். கலைஞனுக்கு மட்டுமல்ல, தெருவைப் படிக்க வரும் ஆராய்ச்சிக்காரனுக்கும் அந்தக் கேள்வி அவசியம். கோடைக்கானலில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடமும் பதில் எதுவும் இல்லாமல் போயிற்று.

சாப்பாட்டுக் கூடையை இப்போதும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டு வருகிறவர் கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.