பைதானில் பத்தில் ஒன்று

கணிப்பொறிக்குக் கட்டளையிடக் கற்கும் மாணவருக்கு முதலில் கொடுக்கத்தக்க மொழி பைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. முழு எண்களை அது கையாளும் முறை பாராட்டுக்குரியது. 2-இன் நூறாம் அடுக்கைக் கேட்டால் 1267650600228229401496703205376 என்று 31 இலக்கங்களையும் பிழையின்றித் தரும். வகுத்தலில் முன்பு ஒரு குறை இருந்தது. பழைய பதிப்புகளில் 1-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 0. இயக்க ஆற்றலின் வாய்பாட்டை அப்படியே எழுதியவருக்கு ஆற்றலே இல்லாமல் போயிற்று! 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அது திருத்தப்பட்டது.

தசம எண்களோடுதான் நம் வழக்கு. என் மாணவி ஒருவர், தானே விழும் கல் கடக்கும் தூரத்தைக் கணக்கிட நிரல் எழுதினார். நேரத்தை 0.1 நொடியாகக் கூட்டிச் செல்ல வேண்டும். சரியாக 1 நொடி ஆனதும் நிறுத்த வேண்டும். நிரல் நிற்கவில்லை. கல் பூமியின் நடுவையும் கடந்து விழுந்துகொண்டே இருந்தது. தம் கணக்கில்தான் தவறு என்று எண்ணி அவர் அரை மணி நேரம் அதையே தேடினார்.

தவறு அவருடையதன்று. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என முடிவின்றி நீள்வதை நாம் அறிவோம். இரும எண்முறையில் பத்தில் ஒன்றுக்கும் இதே கதிதான். கணிப்பொறி அதை 53 இரும இலக்கங்களோடு வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டிய எண்ணைப் பத்து முறை கூட்டினால் கிடைப்பது 0.9999999999999999, அது 1 அன்று.

எல்லாக் கணிப்பொறிகளும் இப்படித்தானே என்று கேட்கலாம். உண்மைதான், 1985-இல் வகுத்த பொதுத் தரமும் இதுவே. ஆனால் பைதானுக்கு முன்னோடியான ஏ.பி.சி. என்ற மொழி, மாணவர் எழுதும் 0.1-ஐப் பின்னமாகவே வைத்துக்கொண்டது. பின்னங்களின் தொகுதியும் பகுதியும் பெருகிக் கணக்கு மிக மெதுவாயிற்று. அம்மொழிக்காக ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய கைடோ வான் ரோசம், பின்னர்ப் பைதானைப் படைத்தபோது வேகத்தையே தேர்ந்தார். அந்தத் தேர்வைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அதை மறைத்ததைத்தான். முன்பெல்லாம் 0.1 என்று தட்டினால் பைதான் 0.10000000000000001 என்று பதிலளிக்கும். பார்க்க அழகில்லை, ஆயினும் மாணவருக்கு உடனே ஐயம் பிறக்கும். 2009-இல் வந்த 3.1 பதிப்பு முதல் 0.1 என்றே காட்டுகிறது. உள்ளே இருக்கும் எண் மட்டும் மாறவில்லை.

மாற்று வழியும் உண்டு. டெசிமல் என்னும் எண் வகையைத் தனியே வரவழைத்துக்கொண்டால் பத்தில் ஒன்று சரியாகவே அமையும். ஆனால் அதனுள்ளும் 0.1 என்று வெறுமனே எழுதினால், ஏற்கெனவே வெட்டுண்ட எண்தான் உள்ளே போகும். மேற்கோள் குறிகளுக்குள், ஒரு சொல்லைப் போல, அதை எழுத வேண்டும். எண்ணை எண்ணாக எழுதக்கூடாது என்பது புதிதாகக் கற்பவருக்கு எப்படித் தோன்றும்?