படகில் ஃபிரிட்ஜ் மாற்றுகிறீர்களா? முதலில் ஒயரைக் கவனியுங்கள்

ஏழடி அகலம்கூட இல்லாத இங்கிலாந்துக் கால்வாய்ப் படகில் பழைய ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு, ஐசோதெர்ம் குரூஸ் 85-ஐ நானே பொருத்தினேன். கொள்ளளவு 85 லிட்டர். 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும். உள்ளே இருப்பது படகுக்காரர்கள் நன்கறிந்த பிடி35 கம்ப்ரஸர். முன்பு டான்ஃபோஸ், இப்போது செக்காப்.

விலையைப் பார்த்தால் வீட்டு ஃபிரிட்ஜே போதுமே என்று தோன்றும். ஆனால் அதற்காக இன்வெர்ட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

கரை மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் துண்டித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜின் வாயுக் குழாயை வெட்டவே கூடாது. வாயுவை வெளியேற்ற இங்கிலாந்தில் தகுதிச் சான்று பெற்றவர்தான் வேண்டும். பெட்டியை அப்படியே மறுசுழற்சி மையத்தில் ஒப்படைத்துவிடலாம்.

அடுத்து ஒயர். படகில் ஃபிரிட்ஜின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் மின்னழுத்தம் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால் இந்தக் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். பழைய மெல்லிய ஒயரிலேயே இணைத்து மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரி முனையில் 12.5, கம்ப்ரஸர் ஓடும்போது ஃபிரிட்ஜ் முனையில் 11.6. வழியிலேயே 0.9 வோல்ட் காணாமல் போகிறது. பேட்டரி நன்றாக இறங்கிவிடும் நள்ளிரவில் ஃபிரிட்ஜ் சீக்கிரமே நின்றுபோக இதுவே போதும். பத்து மீட்டர் தூரம் வரை 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும் என்கிறது கம்ப்ரஸர் கையேடு. அதே கனத்தில் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். ஃபிரிட்ஜ் முனையில் இப்போது 12.3-க்குக் குறையவில்லை.

காற்றோட்டமும் அதே அளவு முக்கியம். படகின் அடித்தகடு தண்ணீரைத் தொட்டபடி எப்போதும் குளிர்ந்திருக்கும். ஃபிரிட்ஜின் பின்புறம் தரைப்பலகையில் ஒரு துளையும் மேலே ஒரு கிரில்லும் வைத்தால், அந்தக் குளிர்ந்த காற்று கீழிருந்து ஏறிச் சூட்டை வெளியே தள்ளும். கம்ப்ரஸர் ஓடும் நேரம் கண்ணெதிரே குறைகிறது.

கோடை நாளில் 30 ஆம்பியர்-மணி அளவுக்குச் செலவாகிறது. வெயில் இருந்தால் கூரையிலுள்ள சோலார் பலகையே சமாளித்துவிடும். சத்தம் மெல்லிய ரீங்காரம்தான், பக்கத்திலேயே படுத்துத் தூங்கலாம். குறை என்று பார்த்தால், உறைபெட்டி சிறியது. அதில் படியும் பனியை நாமேதான் உருக்கி எடுக்க வேண்டும்.

படகிலேயே குடியிருந்து, கரை மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் பயணம் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். எந்நேரமும் கரை மின்சாரம் கிடைக்கும் துறையில் கட்டிக் கிடக்கும் படகுக்கு இவ்வளவு செலவு வேண்டாம். எதை வாங்கினாலும் கனமான ஒயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டுக் கடைக்குப் போங்கள்.