வாசலில் நிற்பவர் யார்?

மரியாயின் சேனையின் கைநூலை அறியாத பங்கு நம் மறைமாவட்டங்களில் அரிது. வாரந்தோறும் பிரசீடியக் கூட்டத்தில் அதிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது. உறுப்பினர் அமைதியாகக் கேட்கின்றனர். பின்னர் பணி அறிக்கை, இரகசியப் பை, இறுதிச் செபம் எனக் கூட்டம் நகர்ந்துவிடுகிறது. சட்டநூலாக அதை மதிக்கும் நாம், ஒரு மனிதரின் உள்ளத்திலிருந்து எழுந்த நூலாக அதை வாசித்ததுண்டா என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அறிமுகமற்றவரின் வாசலில் நின்று நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றி அந்நூல் கூறுவதை மட்டும் இங்கே திறனாய்வு நோக்கில் காண முற்படுகிறோம். வீடு வீடாகச் செல்வது பிற சபையாருக்குரிய வேலை என்று கருதும் கத்தோலிக்கர் நம்மிடையே பலர். கையில் துண்டுப் பிரசுரத்தோடு இருவர் தெருமுனையில் தென்பட்டதுமே கதவைச் சாத்திவிடுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொண்டு தொடங்குவோம்.

சேனையின் தொடக்கம் நாம் அறிந்ததே. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7, அன்னையின் பிறப்பு விழாவுக்கு முந்திய மாலை. அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிரான்சிஸ் தெருவிலுள்ள மைரா இல்லத்தில் பெரும்பாலும் இளம் பெண்களாலான சிறு குழு ஒன்று கூடியது. உடனிருந்தவர்கள் ஒரு குருவானவரும், நிதித்துறை ஊழியரான பிராங்க் டஃப் என்னும் பொதுநிலையினரும். ஏழையருக்கான மருத்துவமனையில் நோயாளரை இருவர் இருவராகச் சென்று காண்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட முதற்பணி. அடுத்த ஆண்டே, உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்கள் தங்கியிருந்த விடுதிகளின் படிகளில் ஏறினர். அப்பெண்களுக்கென ஓர் இல்லமும் திறந்தனர். நன்மக்கள் எனப்பட்டோர் முகம் திருப்பிச் சென்ற வாசல்கள் அவை. கைநூலின் சிறந்த பக்கங்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கிய கால்களிலிருந்து பிறந்தவை. மேசைக்கு முன் அமர்ந்து சிந்திப்பவருக்கு அவை எளிதில் தோன்றியிரா.

அப்பக்கங்கள் கூறுவது என்ன? வீட்டிற்குச் செல்பவர் ஆய்வாளர் அல்லர், நீதிபதி அல்லர், அறியாதவருக்குப் பாடம் புகட்ட வந்த ஆசிரியரும் அல்லர். பணிவோடு வரும் விருந்தினர். அதற்கும் மேலாக, தாம் காணச் செல்லும் மனிதரில் ஆண்டவரையே கண்டு, அவருக்கே பணிபுரிவதாக உறுப்பினர் எண்ண வேண்டும் என்கிறது நூல். வாரந்தோறும் கேட்டுக் கேட்டு நம் செவிக்குப் பழகிவிட்ட இக்கருத்து எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம். கிறிஸ்துவைச் சுமந்துகொண்டு, அவர் இல்லாத வீட்டிற்குள் நாம் நுழைகிறோம் என்பதே நம் இயல்பான நினைப்பு. கைநூலோ அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்கிறது. அப்படியாயின் வாசலில் நிற்கும் நாம் யார்? கொடுக்க வந்தவரா, பெற வந்தவரா?

இங்கேதான் நூலுக்குள் இரு குரல்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காண்கிறோம். ஒரு குரல் விருந்தினருடையது. மற்றொன்று படைவீரருடையது. பிரசீடியம், கூரியா, செனாத்துஸ் என உரோமைப் படையிலிருந்தும் அரசிலிருந்தும் எடுத்த பெயர்கள். அணி, கொடி, போர், வெற்றி என்னும் உருவகங்கள். முதல் உலகப்போர் முடிந்து மூன்றாண்டுகள்கூட நிறைவுறாத காலம். அயர்லாந்திலோ துப்பாக்கிகள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. படைமொழி அம்மக்களுக்கு அன்றாட மொழியாக இருந்திருக்கும். அதைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. எனினும், உருவகங்களுக்குத் தமக்கென ஓர் ஆற்றல் உண்டு. வீட்டைக் கோட்டையாகக் காணப் பழகிய கண், அவ்வீட்டில் இருப்பவரை ஆண்டவராகக் காண்பது எளிதன்று. நூலில் ஆழமானது முதற்குரலே. ஆனால், பல பங்குகளில் நிலைத்துவிட்டது இரண்டாவது. காரணம் வெளிப்படை: வெற்றியை எண்ணிக்கையில் எழுதலாம், பணிவை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நமக்கு நேர்ந்ததையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கின் எல்லையிலுள்ள நூற்பாலைத் தொழிலாளர் குடியிருப்புக்கு இருவராகச் சென்றோம். பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் பாயில் படுத்திருந்தார். அவருடைய மனைவி எழுந்து வந்தார். நாங்கள் வாய் திறக்குமுன் அந்த அம்மாள் உள்ளே சென்று மருத்துவமனைச் சீட்டு ஒன்றை எடுத்து வந்து, “தம்பிகளா, எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. மேல்வரியைப் பார்த்து, “திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்றோம். இன்னும் ஒரு தெரு பாக்கியிருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டவர் இயேசு குணமளிப்பார் என்று நான்கு சொற்கள் கூறி, ஒரு துண்டுப் பிரசுரத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம். எழுத்துத் தெரியாது என்று ஒரு நிமிடத்திற்கு முன்புதான் கூறிய கையில்!

அவ்வாரக் கூட்டத்தில் அறிக்கை அளித்தோம்: சந்தித்த வீடுகள் 14, ஆர்வம் காட்டியவை 3, ஏனையவை ஆர்வமற்றவை. அந்த அம்மாளின் வீடு அந்தப் பதினொன்றில் அடங்கிவிட்டது. தலைவர் பாராட்டினார். சீட்டின் கீழ்வரிகளில் என்ன எழுதியிருந்தது என்பதை இன்றுவரை நாம் அறியோம்.

கைநூல் கற்பித்ததைச் செய்து நாம் தவறவில்லை. அது கற்பித்ததை விட்டதால் தவறினோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் செய்யும் சிறு தொண்டு எதையும் நூல் தடுப்பதில்லை. அது உறுதியாகத் தடுப்பது ஒன்றே: பொருளுதவி. பணமோ பண்டமோ உறுப்பினர் கொண்டுசெல்லலாகாது என்னும் இவ்விதியைக் கேட்டு நம்மவரில் பலர் முகம் சுளிப்பதுண்டு. பசித்திருப்பவர் வீட்டிற்கு வெறுங்கையோடு செல்வது எங்ஙனம் கிறிஸ்தவம் ஆகும் என்பர். பசித்தவரைக் கைவிடச் சொல்லும் விதியன்று இது. பொருளுதவிக்கென வின்சென்ட் தே பவுல் சபை போன்றவை உண்டு, டஃப் அவர்களும் அதில் பணியாற்றியவரே. இந்த விதியைத்தான் கைநூலின் மிக அறிவார்ந்த பகுதி என்று நாம் கருதுகிறோம். 1840-களின் பெரும்பஞ்சத்தில் உணவு தந்து சமயம் மாற்றினர் என்னும் கசப்பான நினைவு அயர்லாந்து மக்களிடையே தலைமுறைகளாக வாழ்ந்தது. அவ்வாறு மாறியவரை ‘சூப்புக்காரர்’ என இழித்தனர். நம் நாட்டிலோ ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்னும் சொல் இன்றும் நம் முதுகுக்குப் பின்னால் ஒலிக்கிறது. வெறுங்கையோடு செல்பவரை எதைச் சொல்லியும் சந்தேகிக்கலாம். விலை கொடுக்க வந்தார் என்று மட்டும் கூற இயலாது. அவரிடம் இருப்பதெல்லாம் நேரமும் செவியும்தாம். அவ்விரண்டையும் நாம் அன்று அந்தத் திண்ணையில் கொடுக்கவில்லை.

கைநூலில் நாம் காணும் குறை வேறு. செல்பவர் கொடுப்பதைப் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. பெறுவதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. நற்செய்தியில் ஆண்டவர் அறிமுகமற்றவரை அணுகும் முறையோ நேர்மாறானது. சமாரியப் பெண்ணிடம் அவருடைய முதற்சொல் போதனை அன்று; தாகத்திற்குத் தண்ணீர் கேட்கிறார். எம்மாவு வழியில் இரு சீடரோடு நெடுந்தொலைவு நடந்தும், அவர்களுடைய ஊர் வந்ததும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார். அவர்கள் வற்புறுத்திய பின்னரே உள்ளே செல்கிறார். எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பியபோது, வீடு வீடாய் மாறிச் செல்ல வேண்டாம், ஏற்றுக்கொண்ட வீட்டில் தங்கி, கொடுப்பதை உண்ணுங்கள் என்பதே அவர் தந்த அறிவுரை. வீடு வீடாகச் சென்று கற்பித்ததாகப் பவுலடியார் எபேசு மூப்பரிடம் கூறுவது உண்மையே. இரண்டும் முரண் அல்ல. தங்குவதற்கும் உண்பதற்கும் பிறரைச் சார்ந்து நிற்கும் தூதர் எத்தனை வீடுகளுக்கும் போகலாம். எதுவும் தேவையில்லாதவராகப் போகிறவரைத்தான் நாம் அஞ்சுகிறோம்.

சேனையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. எடெல் குயின் என்னும் இளம்பெண் 1936-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டபோது ஏற்கெனவே காசநோயாளி. உடல் தேயத் தேயப் பயணம் செய்து, 1944-இல் நைரோபியில் மறைந்தார். நோயாளி, அயலார், பிறருடைய உதவியை நம்பியவர். அவருடைய பணி வேரூன்றியதற்கு இப்பலவீனமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் மண்ணிலும், 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் உபதேசியாருக்கென எழுதிய உரைநடை நூலுக்கு இட்ட பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. வாதத்திறமையை அன்று, ஒழுக்கத்தையே அவர் தலைப்பில் நிறுத்தினார்.

இவ்வளவும் கூறியதால், சொல்லாமலே இருந்துவிடலாம், வாழ்ந்து காட்டினால் போதும் என்பாருக்கு நாம் துணைபோவதாக எவரும் கொள்ளலாகாது. அது இன்று நம்மவர் பலருக்கு வாய்த்த வசதியான மறைவிடம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய ஊக்கவுரையில் வாழ்வின் சான்றையே முதலில் வைத்தார். ஆனால் அதற்கு விளக்கம் தரும் சொல் இல்லாவிடில் அச்சான்று நாளடைவில் போதாததாகும் என்றும் எழுதினார். மறுபுறம், சமயச் சுதந்திரம் பற்றிய வத்திக்கான் சங்க அறிக்கை 1965-இலேயே, நேர்மையற்ற வகையில் இணங்கவைக்கும் முறைகளை, குறிப்பாக ஏழையரிடமும் கல்வியறிவு குறைந்தவரிடமும், விலக்கச் சொல்லிவிட்டது. சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1977-இல். நீதிமன்றம் கூறுமுன்பே திருச்சபை கூறியதை நாம் நீதிமன்றத்திற்கு அஞ்சியே கடைப்பிடிக்கிறோம் என்றால், அது நமக்குப் பெருமை சேர்க்காது. 2002-இல் தமிழகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அந்நாள்களில் நம் கூட்டங்களில் எழுந்த கேள்வி, எந்தத் தெருவுக்குப் போகலாம் என்பதே. எப்படிப் போவது என்று யாரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

ஒரு மாதத்திற்குப் பின் அந்தக் குடியிருப்புக்கு மீண்டும் சென்றோம். திண்ணையில் பாய் இல்லை. உள்சுவரில் முதியவரின் படம் மாலையோடு தொங்கியது. நாங்கள் தந்த பிரசுரம் அப்படத்தின் சட்டத்தில், மடிப்புக் குலையாமல் செருகப்பட்டிருந்தது. எங்களிடமிருந்து வந்த காகிதம் ஆதலால் முக்கியமானதாக இருக்கும் என்று எண்ணி எடுத்து வைத்ததாக அந்த அம்மாள் கூறினார். பேச நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. உடன் வந்த நண்பர்தாம், “அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்று கேட்டார். செம்பில் கொண்டுவந்து தந்துவிட்டு, அவர் எங்களுக்கு எதிரே தரையில் அமர்ந்தார். கணவருக்கு ஆலையில் கை போன கதையைச் சொன்னார். மகளுடைய கதையைச் சொன்னார். வெகுநேரம் கழித்து, “ஆமா, நீங்க ரெண்டு பேரும் யாரு? அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்டார்.