பெயர்வா, பெயர்ப்பா?

வடபுல முஸ்லிம்களின் 1990 பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகளையும் கட்டுரைகளையும் நினைவு மலர்களையும் ஒருசேர வைத்து வாசித்தால் ஒரு விடயம் உறுத்தும். பக்கத்துக்குப் பக்கம் இடப்பெயர்வு, இழப்பு, அவலம், ஏக்கம். எல்லாம் பெயர்ச்சொற்கள். துரத்தியவனையும் காணோம், துரத்தப்பட்டவனையும் காணோம்.

இத்தகைய பெயர்களை ஆங்கில இலக்கணம் 'அப்ஸ்ட்ராக்ட்' என்கிறது. இலத்தீன் மூலத்தில் அதற்கு 'பிரித்து இழுத்தெடுத்தது' என்று பொருள். ஆய்வுக் கட்டுரையின் தலையில் போடும் சுருக்கத்துக்கும், உருவமில்லா ஓவியத்துக்கும் அதே சொல்தான். அரபு இலக்கணத்தார் மனத்தால் மட்டும் பிடிபடுவதை 'இஸ்முல் மஃனா' என்பார்கள். நன்னூல் வழிவந்த நமக்குப் பண்புப்பெயரும் தொழிற்பெயரும் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கின்றன. செயலைச் செய்தவனிடமிருந்து பிரித்தெடுத்தால் மிஞ்சுவது தொழிற்பெயர்.

பிரித்தெடுப்பது குற்றமல்ல. அமானத், சபூர், நீதி என்ற சொற்கள் இல்லாமல் ஒரு ஜும்ஆ குத்பாவை ஓதி முடிக்க ஏலுமா? எதைப் பிரித்து வெளியே விட்டோம் என்பதுதான் என் கேள்வி.

'பெயர்தல்' தன்வினை, தானாக நகர்வது, அதிலிருந்து 'பெயர்வு'. 'பெயர்த்தல்' பிறவினை, அதிலிருந்து 'பெயர்ப்பு'. மொழிபெயர்ப்பு என்றால் பெயர்த்தவர் ஒருவர் இருக்கிறார், அட்டையில் பேரும் போடுகிறோம். இடப்பெயர்வுக்கு யார் பேரைப் போடுவது? நம் களப்புக்கு வரும் பறவையும் இடம்பெயர்கிறது. காற்று மாறினால் வாடி போட வருகிற மீனவரும் இடம்பெயர்கிறார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுபட்டது இரண்டு மணித்தியாலம். அதற்கும் இதே சொல்லா?

'வெளியேற்றம்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மாறு மாற்றமாவது போல வெளியேறு என்பதும் வெளியேற்றமாகும்; வெளியேற்று என்பதும் அதுவே ஆகும். 'பலவந்த' என்று முன்னால் ஒன்றை ஒட்ட வேண்டியிருப்பது இதனால்தான். 'வெளியேற்றப்பட்டமை' என்று நம் பத்திரிகைகள் எழுதும்போது நீளம், அழகில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன். அதில் காலம் இருக்கிறது. யாரால் என்று கேட்க இடமும் இருக்கிறது.

சிலர் 'ஹிஜ்ரத்' என்று எழுதுகிறார்கள். ஸூரத்துல் ஹஷ்ரின் 8ஆம் வசனம் முஹாஜிர்கள் என்பதோடு நிற்கவில்லை. வீடுகளையும் சொத்துகளையும் விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் என்று செயப்பாட்டுவினையையும் சேர்த்தே சொல்கிறது. நம் கவிஞர்கள் முதற்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெயர் சொல்லாமல் விடுவது நல்லிணக்கத்துக்காக என்பார்கள். எனக்கு அது தலைகீழாகவே படுகிறது. விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள் என்று எழுதினால் எழுவாய் தெளிவு. எழுவாயை எடுத்துவிட்டால் அந்த வெற்றிடத்தில் 'தமிழர்' என்று ஒரு முழு இனமே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அன்றைக்கு வாசலில் நின்று அழுத அயல்வீட்டுக்காரரும் சேர்த்து.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லவேண்டும். சில வருஷத்துக்கு முன் பத்தாந் தரப் பிள்ளையொன்று 'எனது குடும்பம்' கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "உம்மம்மாவாக்கள மன்னாரில இருந்து துரத்திவிட்டாங்க. வள்ளத்தில கற்பிட்டிக்கு வந்தாங்க. தையல் மெசினக் கொண்டுவர விடல்ல." தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்த நான் மூன்று வசனத்தையும் சிவப்புப் பேனையால் வெட்டி, '1990இல் எமது குடும்பம் இடப்பெயர்வுக்கு உள்ளானது' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். பேச்சு வழக்குக்காக இரண்டு புள்ளியும் குறைத்தேன். என் வசனத்தில் வள்ளமும் இல்லை, மெசினும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை.

அவள் குடும்பம் இப்போது மன்னாருக்குத் திரும்பிவிட்டது. கோப்புகளில் அதற்கு 'மீள்குடியேற்றம்' என்று பெயர். இதுவும் அதே 'ஏற்றம்'தான். தாங்களாகப் போய்க் குடியேறினார்களா, யாராவது குடியேற்றினார்களா என்று அந்தச் சொல் சொல்லாது. கிணறு தூர்ந்து கிடக்கிறதாம். வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லையாம்.