எத்தனை விநாடியில் பூட் ஆகிறது என்பது பாதிக் கேள்விதான்

மாமா ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், நோட்டு, பேனா, பரீட்சை அட்டை. அங்கே பில் போடுவதற்கென்றே ஒரு பழைய டெஸ்க்டாப்: 4 ஜிபி ரேம், 64 பிட் பிராசஸர், சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் ஓட வேண்டியது ஒரே ஒரு நிரல். நான் எழுதிக் கொடுத்தது, குரோமியம் பிரவுசரில் முழுத்திரையாக நிற்கும். "மாப்ளே, ஸ்விட்ச் போட்டா பில் வரணும், நடுவுல வேற எதுவும் வரக்கூடாது." அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்.

நானும் எல்லாரையும் போல "சிறந்த பத்து இலகு லினக்ஸ்" வகைக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் மூன்று எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: ஐஎஸ்ஓ கோப்பு எத்தனை எம்பி, சும்மா இருக்கும்போது எவ்வளவு ரேம், பூட் ஆக எத்தனை விநாடி. அந்த மூன்றையும் நம்பி ஒன்றை நிறுவினேன். பெயர் வேண்டாம், தவறு அதனுடையது இல்லை. மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஒரு நாள் காலை மாமாவிடமிருந்து போன்: கறுப்புத் திரை, ஏதோ இங்கிலீஷ், கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போய், கையால் சரிசெய்யச் சொல்லி மெஷின் நின்றுவிட்டிருந்தது.

காரணம் எளிது. மாமா கணினியை ஷட்டவுன் செய்வதே இல்லை. கடை சாத்தும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பார், ஃபேன் லைட்டோடு சேர்ந்து அதுவும் அணையும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கால்குலேட்டரை யாராவது ஷட்டவுன் செய்கிறார்களா? ஒரே வேலைக்கென்று வைத்த மெஷினை அப்படித்தான் பயன்படுத்துவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டுரைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்று எண்களும் எதை அளக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் விநாடிக் கணக்கு. 2008-இல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெலைச் சேர்ந்த அர்யன் வான் டி வென், ஔக்கே காக் இருவரும் ஒரு ஆசுஸ் ஈ பிசி நெட்புக்கை ஐந்தே விநாடியில் பூட் செய்து காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த அளவுகோல்: சிபியூவும் டிஸ்க்கும் வேலையின்றி ஓய்ந்த பிறகுதான் பூட் முடிந்ததாகக் கணக்கு. நம் பட்டியல் கட்டுரைகள் வால்பேப்பர் தெரிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுகின்றன. மாமாவுக்கு வால்பேப்பரால் என்ன பயன்?

தொடக்கப் புள்ளியிலும் இதே சிக்கல். பலரும் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளை தரும் எண்ணை ஆதாரமாகக் காட்டுவார்கள். யுஇஎஃப்ஐ உள்ள மெஷினில், பூட்லோடரும் ஒத்துழைத்தால், ஃபர்ம்வேர் எடுத்துக்கொண்ட நேரமும் அதில் வரும். பழைய பயாஸ் மெஷினில் கர்னல் தொடங்கிய பிறகுதான் அது எண்ணவே ஆரம்பிக்கும். பயாஸ் சோதனையும், க்ரப் மெனு வழக்கமாகக் காத்திருக்கும் ஐந்து விநாடியும் அந்த எண்ணுக்குள் வராது. பொத்தானை அமுக்கிவிட்டு நிற்கும் ஆளுக்கு அதுவும் காத்திருப்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ரப் காத்திருப்பைச் சுழியமாக்கினேன். நெட்வொர்க் வரும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் சர்வீஸை அணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டேன். இந்த மூன்றும் தந்த வேகம் எந்த டிஸ்ட்ரோவை மாற்றியும் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ரேம். ஒரு டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 100 எம்பி எடுக்கிறதா, 300 எம்பி எடுக்கிறதா என்று பெரிய சண்டையே நடக்கும். குரோமியத்தைத் திறந்ததும் அந்த வித்தியாசம் இருந்த இடம் தெரியாது. ஒரே நிரல் ஓடும் கணினிக்கு டெஸ்க்டாப்பே தேவையில்லை என்பதை அந்தக் கட்டுரைகள் சொல்வதும் இல்லை. பேனல், ஐகான், மெனு எதுவும் இல்லாமல் எக்ஸ் சர்வர் மேல் நேராக பிரவுசரை ஏற்றினால் போதும்.

மூன்றாவது, ஐஎஸ்ஓ அளவு. கோப்பு சின்னது என்றால் எதையோ விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை விட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பல வேளைகளில் விட்டது தமிழாகத்தான் இருக்கும். டைனி கோர் லினக்ஸ் தன் டெஸ்க்டாப்புக்கு எஃப்எல்டிகே என்ற மிகச் சிறிய கருவித்தொகுப்பைப் பயன்படுத்துகிறது. அதன் 1.3 பதிப்பு எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. லினக்ஸில் 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். 1.4 பதிப்பில்தான் பாங்கோ ஆதரவு வந்தது. ஆல்பைன் லினக்ஸ் வழக்கமான ஜி-லிப்-சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் நூலகத்தை வைத்துச் சிறிதாகிறது. நல்ல வடிவமைப்புதான், ஆனால் பிரிண்டர் கம்பெனிகள் பைனரியாகத் தரும் டிரைவர்கள் பெரும்பாலும் ஜி-லிப்-சிக்காகக் கட்டப்பட்டவை. பில் பிரிண்டர் உள்ள கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது என் உண்மையான புகாருக்கு வருகிறேன். டைனி கோர், ஆல்பைனின் டிஸ்க்லெஸ் முறை, பப்பி லினக்ஸ் ஆகியவற்றைக் கட்டுரைகள் "ரேமில் ஓடுவதால் வேகம்" என்று புகழ்கின்றன. வேகம் உண்மைதான். ஆனால் ரேமில் ஓடுவதால் வரும் பெரிய லாபம் வேறு. சிஸ்டம் கோப்புகளில் யாரும் எழுதிக்கொண்டிருப்பதில்லை, அதனால் கரண்ட் எப்போது போனாலும் அவை அப்படியே இருக்கும். ஆல்பைனில் நீங்கள் எல்பியூ கமிட் என்று சொன்னால்தான் மாற்றங்கள் டிஸ்க்கில் ஏறும். வீட்டு ரவுட்டரை நினைத்துப் பாருங்கள். ஓபன்டபிள்யுஆர்டி ஓடும் ரவுட்டரில் மூல சிஸ்டம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற எழுத முடியாத பகுதியில் இருக்கும், மாற்றங்கள் அதன் மேல் தனி அடுக்காக விழும். ஷட்டவுன் பொத்தான் என்று ஒன்று இல்லாமலேயே வருஷக்கணக்கில் ஓடுகிறதே, அது இதனால்தான். இந்த ஒரு குணத்தைச் சொல்லாமல் விநாடியை மட்டும் சொல்வது, வண்டிக்கு பிரேக் இருக்கிறதா என்று பார்க்காமல் மைலேஜ் கேட்கிற மாதிரி.

கடைசியில் நான் எடுத்தது எந்தப் பட்டியலிலும் முதலிடம் பிடிக்காத ஒன்று: டெபியன் ஸ்டேபிள், டெஸ்க்டாப் இல்லாமல். மூன்று வருஷம் முழு ஆதரவு, அதன் பின் எல்டிஎஸ் இரண்டு வருஷம். கடை மெஷினுக்கு அந்த ஐந்து வருஷம் எனக்குப் பெரிதாகப் பட்டது. மேலே ஓவர்லேரூட் தொகுப்பைப் போட்டேன், அது மூல சிஸ்டத்தைப் படிக்க மட்டும் வைத்துவிட்டு மாற்றங்களை ரேமில் வாங்கிக்கொள்ளும். பில் தரவுக்கு மட்டும் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷன். அங்கேயும் ஜர்னல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. வழக்கமான அமைப்பில் அது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான் காக்கும். பில் டிஸ்க்கில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்பதை நிரல்தான் எஃப்சிங்க் சொல்லி உறுதி செய்ய வேண்டும். என் நிரல் அதைச் செய்யவில்லை. அது முழுக்க என் தவறு, திருத்தினேன்.

இதிலும் குறை இருக்கிறது. அப்டேட் போட வேண்டுமென்றால் ஓவர்லேரூட்டைத் தாண்டி உள்ளே போய்ச் செய்ய வேண்டும், அது ஒரு தனிச் சடங்கு. மாமாவால் முடியாது, நான் போகும்போதுதான் நடக்கும். 32 பிட் பிராசஸர் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் அதற்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. அவர்களுக்கு ஆல்பைன் நல்ல தேர்வு, பிரிண்டர் ஒத்துவந்தால்.

பூட் நேரப் பிரச்சினை என்ன ஆயிற்று? பயாஸில், கரண்ட் திரும்ப வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு பல டெஸ்க்டாப்களில் இருக்கும். அதைப் போட்டுவிட்டேன். இப்போது மாமா ஷட்டரைத் தூக்கி மெயின் ஸ்விட்சைப் போடுகிறார், வாசல் பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி வந்து உட்காரும்போது பில் திரை தயாராக நிற்கிறது. அது எத்தனை விநாடியில் வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நட்டநடு மத்தியானம் கரண்ட் போய் வந்தால் மட்டும் ஒன்று கேட்பார்: "கடைசி பில்லு இருக்கா மாப்ளே?" ஒப்படைக்கும் முன் அவர் கண் முன்னாலேயே, பில் போடும்போதே பத்து முறை பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். பத்து முறையும் சேமித்த பில் இருந்தது. இலகு லினக்ஸ் பட்டியல் எழுதுகிறவர்கள் அந்த மூன்று எண்களோடு இந்தச் சோதனையையும் ஒருமுறை செய்து எழுதலாம்.