கோடும் கூச்சமும்

அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் இன்னும் படிக்கப்படுவது ஏன் என்று கேட்டால் கலகம், போதை, பாலுறவுச் சுதந்திரம் என்று அடுக்குகிறார்கள். கலகத்தைப் போலச் சீக்கிரம் ஊசிப்போகும் சரக்கு வேறில்லை. அந்தக் காலத்துக் கலக முத்திரைகளை இன்று பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். நிலைத்தது வேறொன்று. தன்னையே கேலிப்பொருளாக வரைந்துகொண்டு, அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒளிய மறுத்த கை. நம் சிறுபத்திரிகை நவீனத்துவத்துக்கு வாய்க்காமல் போனது இதுதான் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ராபர்ட் க்ரம்ப் தனியாகவே வரைந்து நிரப்பிய 'ஸாப்' முதல் இதழ் 1968 பிப்ரவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் வெளிவந்தது. குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டியில் போட்டுத் தெருவில் விற்றார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் 1954இல் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டிருந்தன. அதன் முத்திரை இல்லாத புத்தகம் வழக்கமான கடைகளுக்குப் போக முடியாது. முத்திரையே வேண்டாம் என்றவர்கள் வேறு கடை தேடினார்கள். ஹிப்பிகளுக்குக் கஞ்சாக் குழாய் விற்ற கடைகள் கிடைத்தன. ஆபாசத்தை அந்தந்த ஊரின் அளவுகோலால் தீர்மானிக்கலாம் என்று 1973இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அந்தக் கடைக்காரர்களும் பயந்துபோனார்கள். (வெகுஜனக் காமிக்ஸிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகளை மாற்றி எழுதினார்கள். தமிழில் எப்படி எழுதினாலும் இரண்டும் காமிக்ஸ்தான். நமக்கு இந்த வேறுபாடு எழுத்தில்கூடப் பதியவில்லை.)

க்ரம்பைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் ஜஸ்டின் க்ரீன். 1972இல் வந்த அவருடைய 'பிங்கி ப்ரௌன்', கன்னி மேரியின் சிலை முன்னால் தன் உடம்பு என்ன செய்துவிடுமோ என்று நடுங்கும் ஒரு கத்தோலிக்கப் பையனின் கதை. தன் மனநோயைத் தானே வரைந்து காட்டுவது அதற்குமுன் காமிக்ஸுக்குத் தெரியாத காரியம். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் 'மௌஸ்' இல்லை என்று ஆர்ட் ஸ்பீகல்மனே சொல்லியிருக்கிறார். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்த 'மௌஸ்' 1992இல் புலிட்ஸர் சிறப்புப் பரிசு பெற்றது. அதன் முதல் வடிவம், வெறும் மூன்று பக்கம், 1972இல் இதே மாதிரியான ஒரு மலிவுத் தொகுப்பில்தான் வந்தது.

அதே 1972இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனிலிருந்து வந்தவன். அதற்குச் சற்று முன்பு, 1970இல், 'கசடதபற' வந்துவிட்டது. கைக்காசு, சில நூறு வாசகர்கள், வெகுஜனப் பத்திரிகை மீது வெறுப்பு, எதையும் எழுதலாம் என்ற துணிச்சல் எல்லாம் நம்மிடமும் இருந்தன. படக்கதை மட்டும் இல்லை. அச்சுக்கூடத்தைக் காரணம் சொல்லலாம். கையால் எழுத்துக் கோத்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனியே ப்ளாக் செய்ய வேண்டும். ஆப்செட்டில் அச்சிட்ட க்ரம்புக்கு எழுத்தும் படமும் ஒரே பேனா, ஒரே செலவு. ஆனால் ஆதிமூலம் போன்றவர்களின் கோட்டோவியங்களுக்கு நாம் ப்ளாக் செய்யாமல் இல்லையே. அவை கம்பீரமானவை, கவிதைக்குப் பக்கத்தில் நின்றவை. சிரிக்க வைக்கும் படம் குமுதத்துக்கும் விகடனுக்கும் உரியது என்று ஒதுக்கிவிட்டோம். நாம் எழுதிய ஆபாசம்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதிய ஆபாசம்.

இந்த மண்ணுக்கு அது அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 'ஸாப்' வந்த அதே 1968 பிப்ரவரியில், 28ஆம் தேதி, திண்டிவனம் - புதுச்சேரி சாலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கியது. மேற்கத்திய இளைஞர்கள் ஞானம் தேடிக் கிழக்கே வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களையும் அவர்களுடைய குருமார்களையும் சேர்த்துக் கேலி செய்யத்தான் க்ரம்ப் 'மிஸ்டர் நேச்சுரல்' என்ற வெண்தாடிச் சாமியாரை வரைந்தார். சீடன் வாழ்க்கையின் அர்த்தம் கேட்பான், சாமியார் ஏய்ப்பார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் குடைந்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்ட மகேந்திரவர்மன் இந்தச் சாமியாரை உடனே அடையாளம் கண்டிருப்பான். கள் குடித்து மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்த காபாலிகன் ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்வதும், கடைசியில் அதைத் தூக்கிப்போனது நாய் என்று தெரிவதுமான 'மத்தவிலாசம்' அவன் எழுதியது. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இன்றும் ராஜாவை அவர் எதிரிலேயே பரிகசிக்கிறான், பச்சையாகப் பேசுகிறான், தன்னையும் விடுவதில்லை. அவனைப் புகழ்ந்து கட்டுரை எழுத நமக்குத் தெரியும். அவனைப் போல ஒரு கட்டம் வரையக் கூச்சம்.

க்ரம்பை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினப் பெண்ணை அவர் வரைந்த விதத்தை, வெள்ளைக்காரனின் மனக்குப்பையை வெளியே கொட்டிக் காட்டும் நேர்மை என்று வாதாடுகிறார்கள். குப்பையைக் கொட்டியது யார் வாசலில்? அவர் பெண்களை வரைந்ததைத் தோழமை பார்க்காமல் எதிர்த்த ட்ரீனா ராபின்ஸ் 1970லேயே பெண்கள் மட்டும் வரைந்த ஒரு தொகுப்பைக் கொண்டுவந்து பதில் சொன்னார். 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது, தன்னை இழிவாக வரைந்துகொள்வதும் ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்டவரை மறுபடி இழிவாக வரைவதும் எனக்கு ஒரே நேர்மையாகத் தோன்றவில்லை. க்ரீன் முதல் காரியத்தோடு நிறுத்திக்கொண்டார். க்ரம்புக்கு அந்த எல்லை தெரியவில்லை.

'நிறப்பிரிகை'யின் ஆசிரியர்களில் ஒருவரும் 2019இல் விழுப்புரம் தொகுதியில் வென்றவருமான ரவிக்குமார், எஸ். ஆனந்துடன் 2003இல் தொடங்கிய பதிப்பகம் நவயானா. அது 2011இல் வெளியிட்ட 'பீமாயணா'வில் அம்பேத்கரின் கதையை வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் கோண்டு மரபு ஓவியர்கள். ஆட்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்துவிட்டார்கள். பரிவாகப் பேசுபவரின் சொற்களைப் பறவை வடிவத்துக்குள் எழுதினார்கள். தீண்டாமை பேசுபவனின் சொற்களுக்குத் தேள்வால் வைத்தார்கள். 1978இன் விழுப்புரத்தை வரையப்போகும் கைக்கு க்ரம்பின் பேனாவைவிட இந்தக் கொடுக்கு அதிகம் பயன்படும்.