பாலை மீளுமா? திணைக் கோட்பாடும் அலையாத்திக் காடுகளின் மீட்பும்

திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் அணுகும் கட்டுரைகள் தமிழாய்வுலகில் பெருகியுள்ளன. அவற்றுள் பல ஒரே போக்கில் அமைகின்றன. ஐந்திணைக்குரிய மரம், விலங்கு, பறவை ஆகியன பட்டியலிடப்படுகின்றன. பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்ற முடிவு எட்டப்படுகிறது. வகுப்பறையிலும் மாணவர்கள் அப்பட்டியலையே மனனம் செய்கின்றனர். சிதைந்த நிலத்தை மீட்பது எங்ஙனம் என்ற இன்றைய வினாவின் முன் இக்கோட்பாடு நிற்குமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

திணை மாறாத நிலப்படம் அன்று. குறிஞ்சியும் முல்லையும் வளங்குன்றிப் பாலையாவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை காட்டுகிறது. நிலம் தன் இயல்பிலிருந்து திரியும் என்ற தெளிவு மரபிலேயே உண்டு. நெய்தல் நிலத்திலும் இத்தகைய திரிபு நேர்ந்ததற்குப் பிச்சாவரம் சான்றாகும்.

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அருகிலுள்ள பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளர்கிறது. அக்காட்டில் பகுதி பகுதியாக மரங்களை முற்றாக வெட்டும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. வெட்டவெளியான நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளங்களில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மிகுந்த அம்மண்ணில் நாற்றுகள் நிலைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதநீர் வந்து மீண்டபோது உப்பு குறைந்தது. அதன்பின் நட்ட கன்றுகள் வேரூன்றின. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என வகுத்த வரிசை இங்குப் புதிய பொருள் பெறுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஓதம் ஏறி இறங்கும் ஒழுங்கு நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே சார்ந்தது. அது சீர்பெறாதவரை மரமாகிய கருப்பொருள் நிலைபெறாது. மரம் நடுதலையே மீட்பெனக் கருதும் முயற்சிகள், முதற்பொருளை விடுத்துக் கருப்பொருளில் தொடங்குபவை. பட்டியலோடு நிற்கும் நம் கட்டுரைகளும் அதே பிழையைச் செய்கின்றன.

மலேசிய வாசகர்க்கு மாத்தாங் அலையாத்திக் காடு நல்ல ஒப்பீடு. பேராக் மாநிலத்தில் ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள அக்காட்டில், கரிக்காக மரங்களை முற்றாக வெட்டி மீண்டும் வளர்க்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்கிவருகிறது. மழை மிகுந்த அம்மண் பிச்சாவரத்தைப் போல் உவர்நிலமாகவில்லை. ஒத்த செயல், வேறுபட்ட விளைவு. இவ்வேறுபாட்டை மரப்பட்டியல் விளக்காது. நிலமும் பொழுதுமே விளக்கும்.

தொல்காப்பியம் செய்யுளிலக்கணமேயன்றிச் சூழலியல் நூலன்று என மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. மீட்பு வழிமுறை எதனையும் அந்நூல் கூறவில்லை. ஆயினும் நிலத்தையும் உயிர்களையும் மாந்தரையும் பிரிக்காது நோக்கும் முறையை அது தருகிறது. விலங்கு, புள் ஆகியவற்றோடு தொழிலையும் அது கருப்பொருளில் சேர்க்கிறது. பிச்சாவரத்து ஓடைகளில் கையால் தடவி இறாலும் மீனும் பிடித்து வாழும் இருளர் மக்கள் அக்காட்டின் விருந்தினர் அல்லர், அத்திணையின் உறுப்பினர். மரம் மீண்டு அவர்கள் தொழில் மீளாதாயின், அந்நெய்தல் குறைபட்டதே.

ஆகவே, ஆசிரியர்கள் திணையைக் கற்பிக்கும்போது கருப்பொருள் அட்டவணையோடு அமையாது, தம் ஊரின் ஆறோ கழியோ எதனால் திரிந்தது, அதன் முதற்பொருளில் எது பிறழ்ந்தது, அங்கு எவர் தொழில் அழிந்தது என மாணவரை வினவச் செய்தல் வேண்டும். அப்போதுதான் திணை பழம்பெருமையாகத் தேங்காது, ஆய்வுக் கருவியாகப் பயன்படும்.